சாம்பல் திரை

எங்கள் கந்தோரில் வேலை செய்கிற எவருடைய கணினியும் அவரவர் மேசையில் இல்லை. கணினிகள் எல்லாம் கொழும்பில், நான் ஒருநாளும் பார்த்திராத ஒரு குளிரூட்டிய அறைக்குள் இருக்கின்றன. கண்டியிலும் தெல்தெனியவிலும் தெல்தோட்டையிலும் எங்கள் முன்னால் இருப்பது ஒரு திரை, ஒரு விசைப்பலகை, ஒரு சின்னப் பெட்டி. அங்கே நடப்பதன் படம் இங்கே வருகிறது. இங்கே நாங்கள் அழுத்துவது அங்கே போகிறது. இதை முதல்தடவை வீட்டில் விளக்கியபோது மாமி, என் கணவரின் அம்மா, திரையைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார்.

"அப்ப இதுக்குள்ள ஒண்ணுமே இல்லையா புள்ள? வெறும் நெழலு தானா?"

நான் சிரித்தேன். சிரித்திருக்க வேண்டாம் என்று பிறகு பலமுறை தோன்றியது.

வெளிநாட்டு மருந்தகங்களுக்கு மருந்துச் சீட்டுகளைத் தட்டெழுதிச் சரிபார்ப்பதுதான் எங்கள் நிறுவனத்தின் வேலை. தட்டெழுதுபவர்கள் பெரும்பாலும் பெண்கள். பெற்றோலுக்கு நாள்கணக்கில் வரிசையில் நின்ற நெருக்கடிக் காலத்தில் வீட்டிலிருந்து செய்யத் தொடங்கியவர்கள் அப்படியே வீட்டில் நின்றுவிட்டோம். நான் தட்டெழுதுபவள் அல்ல, அவர்களுடைய திரைகளைப் பார்த்துக்கொள்பவள். யாருக்காவது திரை வராவிட்டால் எனக்குத்தான் அழைப்பு வரும்.

மகளுக்கு ஒன்றரை வயது ஆனபோது எங்கள் பழைய ஏற்பாட்டின் ஒப்பந்தம் முடிந்தது. புதியதற்கு இரண்டு புரோட்டகோல்கள் முன்னால் இருந்தன. கொழும்பிலிருந்து படம் எந்த முறையில் எங்களிடம் வந்து சேர வேண்டும் என்பதற்கான விதிகளைத்தான் அப்படிச் சொல்கிறோம். இரண்டையும் சோதித்து ஒன்றைத் தெரிவுசெய்யும் பொறுப்பை எங்கள் மேலாளர் என்னிடம் தந்தார். அவர் யாழ்ப்பாணத்துக்காரர், கண்டிக்கு வந்து நெடுங்காலம். கோபம் வந்தாலும் 'நீர்' என்பதிலிருந்து இறங்காதவர்.

"ஒண்டை வடிவா விளங்கிக்கொள்ளும் பிள்ளை. வீட்டுத் திரையள் ஒழுங்கா ஓடினால் எல்லாரும் வீட்டிலையே இருக்கலாம். ஓடாதவை கந்தோருக்கு வரத்தான் வேணும். மேலிடத்துச் சொல் அது."

ஓடாதவை என்று அவர் சொன்னபோது என் வீட்டு இணைப்பைத்தான் நினைத்தேன். தெல்தோட்டையிலிருந்து இன்னும் மேலே, தேயிலைக்கு நடுவே போகிற பாதையோரம் எங்கள் வீடு. பனி இறங்கினால் சிக்னலும் இறங்கும். கலஹா வழியாகக் கண்டிக்கு பஸ்ஸில் ஒன்றரை மணித்தியாலம். மகள் இன்னும் பால் குடித்துக்கொண்டிருந்தாள். மாமியின் முழங்கால் மலையேறித் தேய்ந்தது. கணவர் பிலிமத்தலாவையில் ஒரு கடையில் நிற்கிறார், இருட்டிய பிறகுதான் வருவார். நான் கந்தோருக்குப் போனால் என்ன ஆகும் என்பதை மனத்துக்குள் கணக்குப் போட்டுப் பார்த்து, ஒவ்வொரு முறையும் பாதியில் நிறுத்தினேன்.

இதில் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மகள் தூங்கும்போது மூக்கருகே விரலை வைத்து மூச்சு வருகிறதா என்று பார்ப்பது என் வழக்கம். கணவர் கேலி செய்வார். "மூச்சு விடுறதும் அவ வேலைதான், அதையும் நீயே பாக்கணுமா?" என்பார். அப்படியும் பார்ப்பேன். வேலைக்கு இடையில் எழுந்து போய்ப் பார்ப்பேன். வீட்டில் இருப்பதன் முழுப் பொருளும் எனக்கு அந்த விரலில்தான் இருந்தது.

முதலாவது புரோட்டகோல் பொறுமைசாலி. கொழும்பிலிருந்து வரும் படத்தின் ஒவ்வொரு துண்டும் கையில் கிடைக்கும்வரை காத்திருக்கும். ஒரு துண்டு வழியில் தொலைந்தால் அதைத் திரும்பக் கேட்டு வாங்கிய பிறகே அடுத்ததைப் போடும். இணைப்பு மோசமானால் திரை முழுவதும் சாம்பல் நிறமாகிவிடும், நடுவில் ஒரு வளையம் சுற்றும். வேலை செய்ய முடியாது. எங்கள் வீட்டில் மழைக்கால மத்தியானங்களில் அது அடிக்கடி நரைத்தது.

இரண்டாவது எதற்காகவும் நிற்காது. தொலைந்த துண்டைத் தேடாது. கடைசியாக வந்த படத்தையே பிடித்துக்கொண்டிருக்கும். புதிய துண்டு வரும்போது அந்த இடம் மட்டும் முதலில் மங்கலாக, பிறகு தெளிவாக மாறும். அம்புக்குறியைக் கொழும்பு வரையவில்லை, நம் மேசைப் பெட்டியே வரைந்துவிடுகிறது. அதனால் படம் செத்துக் கிடந்தாலும் அம்புக்குறி கையோடு துள்ளி ஓடும். உயிரோடு இருக்கிறது என்றே தோன்றும்.

மேலாளருக்கு இரண்டாவதைப் பிடித்துவிட்டது. "எண்ணெய் பூசின மாதிரியெல்லே ஓடுது!" என்றார். எனக்கும் பிடித்திருந்தது. அதில் என் வீடு தேறியது. எனக்குப் பிடித்ததற்கு அது மட்டும்தான் காரணமா என்று இரவுச் சமையலின்போது என்னையே கேட்டேன். இல்லை, வேகமும் ஒரு காரணம்தான் என்று பதில் சொன்னேன். மறுநாளும் அதையே கேட்டேன்.

சோதனை நாட்களில் போலிச் சீட்டுகளை வைத்துத்தான் வேலை நடந்தது. முதல் வாரத்திலேயே தெல்தெனியவில் இருக்கும் தட்டெழுதும் பெண் எனக்கு அழைப்பு எடுத்தாள். கலகலப்பானவள், எப்போதும் சிரித்துக்கொண்டே பேசுபவள். அன்று சிரிக்கவில்லை.

"அக்கா, ஏசாதீங்க. நான் ஒண்டும் தொடல்ல. ரெண்டு கையையும் மடியில வச்சிக்கிட்டு ஈக்கன். சீட்டெல்லாம் தானாப் போகுது."

"எங்க போகுது?"

"ஒவ்வொண்டாத் தொறக்குது, சரி போடுது, மூடுது. யாரோ இருந்து வேல செய்ற மாதிரி. உம்மா ஓதித் தண்ணி தெளிக்கப் போறாங்க."

"கீபோர்டுல மட்டும் தெளிக்க வேணாம்னு சொல்லுங்க."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கு வரவில்லை. நான் இங்கிருந்தே அவளுடைய திரையைத் திறந்து பார்த்தேன். அவள் சொன்னது சரிதான். பொத்தான்கள் அமுங்கின, பக்கங்கள் புரண்டன, யாரும் இல்லை. கொஞ்ச நேரத்தில் எல்லாம் அடங்கி அசைவில்லாமல் நின்றது.

நடந்தது என்ன என்பதைக் கண்டுபிடிக்க ஒரு நாள் ஆனது. அவளுடைய வீட்டுக்குப் படம் வருவது நின்றிருக்கிறது, ஆனால் அவள் அழுத்துவது கொழும்புக்குப் போய்க்கொண்டே இருந்திருக்கிறது. திரையில் ஒரு சீட்டு அசையாமல் நின்றதால் 'சரி' பொத்தானை மறுபடியும் அழுத்தியிருக்கிறாள். எங்கள் பெண்கள் எல்லோரும் அப்படித்தான். லிஃப்ட் வராவிட்டால் பொத்தானை ஏழெட்டுத் தடவை குத்துவோமே, அந்தக் கை. அங்கே முதல் சீட்டு எப்போதோ போய்விட்டது. இரண்டாவது தடவை அழுத்தியது அவள் கண்ணால் பார்க்காத அடுத்த நோயாளியின் மேல் விழுந்தது. மூன்றாவது அதற்கடுத்தவர் மேல். பிறகு, தொலையாமல் வழியில் தேங்கிக் கிடந்த படங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து சேர்ந்தபோது, அவளுடைய கை முன்னமே செய்து முடித்தவை எல்லாம் அவள் கண்முன் நடந்தன.

"அப்ப அந்தப் பேய் நான் தானா?" என்று கேட்டாள்.

"நீங்கதான்."

"அல்லாஹ்வே, பேயா இருந்தாலும் வேல செய்யத்தான் வேணும் போல!"

போலிச் சீட்டுகள் என்பதால் யாருக்கும் ஒன்றும் நேரவில்லை. நான் மேலாளரிடம் சொன்னேன். "பழகினால் சரியாயிடும். ரெண்டு தரம் அமத்தாதேங்கோ எண்டு எல்லாருக்கும் சொல்லிவிடும்" என்றார். சொல்லிவிட்டேன். அத்தோடு விட்டுவிட்டேன். கை அங்கே போகிறது, கண் போகவில்லை என்பது மட்டும் பாத்திரம் கழுவும்போதெல்லாம் நினைவுக்கு வந்தது.

கடைசிச் சோதனைக்காக ஒரு நாள் கந்தோருக்குப் போனேன். கந்தோர் கண்டி நகரத்துக்குள், ஒரு துணிக்கடைக்கு மேல் மாடியில். அங்கே இணைப்பு நல்லது. அதனால் அதை வேண்டுமென்றே கெடுக்கிற ஒரு சிறிய மென்பொருளை இடையில் போட்டிருந்தேன். வருகிற துண்டுகளில் எத்தனையை வழியில் தொலைக்க வேண்டும் என்று அதற்குச் சொல்லலாம். மலை வீடுகளின் மழைநாள் போல நடிக்கும்படி சொல்லியிருந்தேன். உண்மையில் என் வீட்டைப் போல.

வீட்டில் பழைய போன் ஒன்றை அலுமாரியின் மேல் சாய்த்து வைத்து, கட்டில் தெரியும்படி கமெராவாக்கிவிட்டு வந்திருந்தேன். மகள் பிறந்ததிலிருந்து நான் இல்லாமல் கழிகிற முதல் முழுநாள் அது. கொழும்புக் கணினியிலேயே அந்தக் கமெராவைத் திறந்து, திரையின் வலது மூலையில் வைத்துக்கொண்டேன். அசைகிற படம் சோதனைக்கு நல்லது என்று மேலாளரிடம் சொன்னேன். அவர் தலையாட்டினார், அவரும் பிள்ளைகளைப் பெற்றவர்.

காலையில் மகள் பந்தோடு விளையாடினாள். மாமி சோறூட்டினார். பிறகு தூங்கினாள். அந்த நேரத்தில் நான் இணைப்பை இன்னும் கெடுத்து, இரண்டாவது புரோட்டகோலில் ஒரு சீட்டைத் திறந்து வைத்துவிட்டு, சோதனைக் குறிப்புகளைத் தாளில் எழுதிக்கொண்டிருந்தேன். வெளியே மழைக்கு இருட்டியது. துணிக்கடையின் பாட்டு கீழேயிருந்து கேட்டுக்கொண்டிருந்தது. மூலையில் மகள் நீலப் போர்வைக்குள் ஒருக்களித்துப் படுத்திருந்தாள். ஒரு கை வெளியே. உள்ளங்கை விரிந்திருந்தது. இவ்வளவு நேரம் அவள் தொடர்ந்து தூங்குவதே அபூர்வம், நல்ல பிள்ளை என்று நினைத்தேன். விரல் வைத்துப் பார்க்க முடியாததால் திரையில் மூக்கு இருக்கும் இடத்தை அம்புக்குறியால் ஒருதரம் தொட்டேன். அம்புக்குறி அழகாக அசைந்தது.

போன் அடித்தது. மாமி.

"இந்தா, ஒங்க ஆத்தாவோட பேசு," என்று யாரிடமோ சொன்னார். பிறகு மூச்சிரைப்பு. பிறகு, மிக அருகில், "ம்மா."

என் மகளின் குரல். வாய்க்குள் எதையோ வைத்துக்கொண்டு பேசுகிற குரல்.

திரையில் அவள் தூங்கிக்கொண்டிருந்தாள்.

"ம்மா. ம்மா. தா."

விரிந்த உள்ளங்கை அசையவில்லை. வாய் மூடியிருந்தது. காதில் அவள் சிரித்தாள்.

காது ஒரு பிள்ளையைக் கேட்கிறது, கண் இன்னொரு பிள்ளையைப் பார்க்கிறது. ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, எது என்னுடையது என்று எனக்குத் தெரியவில்லை.

"மாமி, பாப்பா எங்க இருக்கா?"

"எங்க இருப்பா? என் இடுப்புல தான். என்னா புள்ள, கொரலு ஒரு மாதிரி இருக்கு?"

"கட்டில்ல யாரு?"

"கட்டில்லயா? கட்டில்ல யாரும் இல்லையே." மாமியின் குரல் தணிந்தது. "ஏம் புள்ள, யாராச்சும் தெரியுதா?"

ஒரு கையில் போனைப் பிடித்தபடி, மற்றக் கையால் இணைப்பைக் கெடுக்கும் மென்பொருளை நிறுத்தினேன். பொத்தானை இரண்டு தடவை அழுத்தினேன் என்று நினைக்கிறேன்.

திரையின் மூலை கலங்கியது. முதலில் அவளுடைய கை கட்டம் கட்டமாக உடைந்து விரிப்பின் நிறமானது. பிறகு தலைமுடி தலையணைக்குள் இறங்கியது. முகம் கொஞ்ச நேரம் மங்கலாக நின்றது, கண்ணும் வாயும் இல்லாத முகமாக. அதுவும் போர்வைக்குள் கரைந்தது. கடைசியில் எல்லாம் மிகத் தெளிவாகத் தெரிந்தன. சுருண்ட நீலப் போர்வை, தலையணையில் பள்ளம், வெறுங்கட்டில்.

"அவ எப்ப எந்திரிச்சா மாமி?"

"அப்பவே எந்திரிச்சிட்டா. நான் பின்னால துணி எடுக்கப் போனேன். அதுக்குள்ள எறங்கி வாசப்படி வரைக்கும் போயிட்டா. ஒண்ணுமில்ல, படியில ஒக்காந்து மழையப் பாத்துக்கிட்டு இருந்தா. ஒனக்குத்தான் கமெராவுல தெரியுமேன்னு நான் சொல்லல்ல."

வாசற்படிக்குக் கீழே பாதை. பாதையில் தேயிலைக் கொழுந்து ஏற்றும் லொறி வரும். நான் அவளைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். மாமியும் நான் பார்க்கிறேன் என்ற நம்பிக்கையில்தான் துணி எடுக்கப் போயிருக்கிறார்.

திரையின் கீழ்மூலையில் கொழும்புக் கணினியின் கடிகாரம் ஒன்று உண்டு. அதைப் பார்த்திருந்தால் நேரம் நின்றது தெரிந்திருக்கும். பார்க்கவில்லை. தூங்குகிற பிள்ளையைப் பார்ப்பவள் கடிகாரத்தைப் பார்ப்பாளா?

மேலாளர் வந்தார். "என்ன, முகம் வெளிறிப் போச்சு?"

சொன்னேன். அவர் உடனே நம்பவில்லை. "உம்மட வீட்டு லைனிலைதான் படம் நிண்டிருக்கும்" என்றார். எனக்கும் அந்தச் சந்தேகம் இருந்தது. அதனால் ஒரு கமெராவை அவருடைய மேசையில் அவருக்கு நேரே வைத்து, அதைக் கொழும்புக் கணினி வழியாகச் சுற்றிவரச் செய்து, இணைப்பைப் பழையபடி கெடுத்தேன். அவர் தேத்தண்ணிக் கோப்பையை வாயருகே கொண்டுபோன இடத்தில் படம் நின்றது. அவர் குடித்து முடித்துக் கோப்பையை வைத்தார். எழுந்து வந்து என் பக்கத்தில் நின்றார். திரையில் அவர் கதிரையில் அமர்ந்து, கோப்பையை உயர்த்தி, அமைதியாக எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அதன்பின் முதலாவது புரோட்டகோலுக்கு மாற்றி அதே அளவு கெடுத்தேன். திரை சாம்பலாகி வளையம் சுற்றியது. மறுபடி இரண்டாவதற்கு மாற்றினேன். படம் வந்தது, நின்றது. இந்தத் தடவை காலியான கதிரை. அவர் கதிரைக்குத் திரும்பிப் போய் அமர்ந்து கையை ஆட்டினார். திரையில் கதிரை காலியாகவே இருந்தது.

அவர் கையை மெல்ல இறக்கினார்.

"நான் செத்துப்போனாலும் இதிலை இருந்து தேத்தண்ணி குடிப்பன். உயிரோடை இருந்தாலும் இதிலை இருக்க மாட்டன். நல்ல சாமான்தான்." சிரிக்க முயன்றார். பிறகு, "அப்ப அறிக்கையிலை முதலாவதைத்தான் எழுதப் போறீர்?"

"தெரியல்ல சேர்."

"யோசிச்சு எழுதும். அதிலை உம்மட வீட்டு லைன் தாங்காது. எனக்கும் தெரியும், உமக்கும் தெரியும். ரெண்டாவதிலை மூலையிலை ஒரு எச்சரிக்கை வரும் எண்டு போட்டிருக்கு, அதைச் சொல்லி எழுதினால் நான் மறுக்க மாட்டன்."

எச்சரிக்கை வரும்தான். கடிகாரத்துக்குப் பக்கத்தில், பாசிப்பயறளவு மஞ்சள் புள்ளி. அன்று மகளைப் பார்த்துக்கொண்டிருந்தபோதும் அது எரிந்திருக்கும்.

கலஹா பஸ்ஸில் யன்னல் ஓரம் அமர்ந்து வந்தேன். பனி கண்ணாடியில் ஒட்டியிருந்தது. வெளியே நின்ற ஆட்கள் மங்கலாகத் தெரிந்து, பஸ் அருகில் போகப் போகத் தெளிவானார்கள். வழக்கமாகப் பார்க்கிற காட்சி. அன்று பார்க்க முடியவில்லை, கண்ணை மூடிக்கொண்டேன். வீட்டுக்குள் நுழைந்ததும் மகளைத் தூக்கி மூக்கருகே விரலை வைத்தேன். அவள் விரலைக் கடித்தாள்.

மாமியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கட்டிலைப் பார்த்துச் சிலுவை போட்டுக்கொண்டார். ஆனால் வேலை விஷயத்தில் தெளிவாக இருந்தார்.

"அந்த ரெண்டாவதயே எழுது புள்ள. கமெராவ நாம கழட்டி வச்சிருவோம், அவ்வளவு தானே. நீ வீட்டுல இருந்தா கமெரா எதுக்கு?"

அவர் சொன்னது முற்றிலும் சரி. நான் வீட்டில் இருந்தால் கமெரா வேண்டாம். நின்ற படம் என் மகளுக்கு எந்தக் கேடும் செய்யாது. அது செய்யப்போகிற கேடு, நான் ஒருநாளும் பார்க்கப்போகாத ஒரு ஊரில், ஒரு தாய் மருந்துக் குப்பியைத் திறக்கும்போது நடக்கும். தெல்தெனியப் பெண்ணைப் போல யாரோ ஒருத்தியின் விரல், அவள் கண் போகாத சீட்டில் 'சரி' போட்டுவிட்ட மருந்து. அந்தத் தாயும் யாரோ பார்த்திருக்கிறார்கள் என்று நம்பித்தான் திறப்பாள். மாமி என்னை நம்பித் துணி எடுக்கப் போனதுபோல.

மறுநாள் முற்பகல், மகள் என் மடியில் ஏறி விசைப்பலகையைத் தட்ட முயன்றுகொண்டிருக்க, முதலாவது என்று எழுதினேன். அனுப்பும் முன் மூன்று முறை அழித்தேன். அனுப்பிய பிறகும் திருப்பி எடுக்க முடியுமா என்று பார்த்தேன். முடியவில்லை.

வீடுகளைச் சோதித்தார்கள். தெல்தெனிய தேறியது. "உம்மா ஓதின தண்ணிதான் அக்கா!" என்று அவள் குரல்பதிவு அனுப்பினாள். என் வீடு தேறவில்லை.

இப்போது காலை பஸ்ஸில் போய் மாலை பஸ்ஸில் வருகிறேன். மகள் பாலை மறந்துவிட்டாள், நான் நினைத்ததைவிடச் சுலபமாக. மாமிக்குத் துணையாகப் பக்கத்து வீட்டு அக்கா பகலில் வந்து இருக்கிறார். கமெராவைக் கழற்றிவிட்டோம். மத்தியானத்தில் நானே மாமியின் போனுக்கு வீடியோ அழைப்பு எடுத்து, மகளுக்கு முகம் காட்டிவிட்டு வேலைக்குத் திரும்புவேன். கந்தோரில் எப்போதாவது திரைகள் நரைத்தால் பெண்கள் சலித்துக்கொள்கிறார்கள். எனக்கு அந்த நேரம் நெஞ்சு இலேசாகும். ஒன்றும் தெரியவில்லை என்று அது ஒப்புக்கொள்கிறதே.

சென்ற வாரம் வீட்டுக்குப் போனபோது மாமி போனைச் சேலைத் தலைப்பால் துடைத்துக்கொண்டிருந்தார். அதன் கண்ணாடி முழுக்க ஈரமும் பிஸ்கட் துகளும்.

"என்ன மாமி இது?"

"ஓம் மக வேலைதான். நீ பேசி முடிச்சும் ஒம் மூஞ்சி போகவே இல்ல இதுல. சிரிச்ச மாதிரியே நின்னுச்சு. அவ பக்கத்துல ஒக்காந்துக்கிட்டு, பிஸ்கட்ட பிச்சுப் பிச்சு ஒனக்கு ஊட்டுனா. ரொம்ப நேரம். நீ திங்கலன்னு ஏசுனா கூட." மாமி துடைப்பதை நிறுத்தினார். "அப்புறம் மூக்குக்கிட்ட வெரல வச்சுப் பாத்தா புள்ள."

மகள் கதவருகே நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஓடி வரவில்லை. நான் கைநீட்டிக் கூப்பிட்டேன். அவள் மாமியின் கையிலிருந்த போனைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். நான் அசைந்துகொண்டே இருந்தேன். தலையை ஆட்டினேன், கையைத் தட்டினேன், அவளுடைய பெயரைத் திரும்பத் திரும்பச் சொன்னேன். அவள் மெல்ல நடந்து வந்து, என் முகத்துக்கு நேரே நின்று, பிசுபிசுத்த விரலை என் மூக்கருகே நீட்டினாள்.

நான் அவளுக்குத் தெரியும்படி, பலமாக மூச்சை விட்டேன்.